சுமைகூலியின் கணக்கு: ஆற்றல் அறுவடையும் முனைவர் ஆய்வேடுகளும்

சுற்றுப்புறத்தில் வீணாகும் ஒளி, வெப்பம், அதிர்வு, வானொலி அலை ஆகியவற்றிலிருந்து மிகச் சிறிய அளவில் மின்னாற்றலைத் திரட்டி, மின்கலம் இல்லாமலோ மின்கலத்துக்குத் துணையாகவோ ஒரு மின்னணுக் கருவியை இயக்கும் முறை ஆற்றல் அறுவடை எனப்படுகிறது. 1990-களின் நடுப்பகுதியில் தனித் துறையாக உருப்பெற்ற இது, அடுத்த இருபது ஆண்டுகளில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய நாடுகளின் பல்கலைக்கழகங்களில், பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்களின் உழைப்பால் வளர்ந்தது. மின்சாரத்தைப் பிறப்பிக்கும் புதுப்புது வழிகளின் வரலாறாகவே இத்துறையின் வரலாற்றை எழுதுவது வழக்கம். ஆனால் அக்கால ஆய்வேடுகளையும் ஆய்வுக்கட்டுரைகளையும் வரிசையாக வைத்துப் படிப்பவருக்கு வேறொரு வரலாறு புலப்படும். பிறப்பிக்கும் வழிகள் அனைத்தும் பழையவை. கிடைத்த துளி ஆற்றலைப் பிடித்து, பயன்படும் மின்னழுத்தத்துக்கு உயர்த்தி, சேமித்து, தேவையான நேரத்தில் பங்கிட்டுத் தரும் சுற்றை, அது தானே அந்த ஆற்றலைத் தின்று தீர்த்துவிடாதபடி அமைப்பதுதான் புதிதாகச் செய்ய வேண்டியிருந்த வேலை. மின்திறன் மேலாண்மை என்று பாடநூல்கள் குறிப்பிடுவது இதைத்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இத்துறையின் அடிப்படைச் சிக்கலை அப்படியே சொல்லிவிடுகிறது. கால் நூற்றாண்டு ஆய்வுகளில் பெரும்பகுதி, சுண்டைக்காயைப் பெருக்குவதைவிடச் சுமைகூலியைக் குறைப்பதிலேயே கழிந்தது.

வெப்பநிலை வேறுபாட்டால் மின்னோட்டம் பிறக்கும் விளைவை ஸீபெக் 1821-இல் கண்டறிந்தார். காந்தப்புலம் மாறும்போது கம்பிச்சுருளில் மின்சாரம் தோன்றுவதை ஃபாரடே 1831-இலும், சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகப்புகளில் மின்னூட்டம் உண்டாவதைக் கியூரி சகோதரர்கள் 1880-இலும் நிறுவினர். சிலிக்கான் சூரிய மின்கலத்தைப் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் 1954-இல் உலகுக்குக் காட்டினர். 1958 மார்ச்சில் ஏவப்பட்ட வான்கார்டு-1 செயற்கைக்கோள் அத்தகைய மின்கலங்களைக் கொண்டு 1964 வரை சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய படிக வானொலி, கலீனா கல்லின் மேல் ஊசிமுனையை வைத்து, நிலையத்திலிருந்து வந்த அலையின் ஆற்றலைக் கொண்டே காதொலிப்பானைப் பேசவைத்தது. 1928-இல் சுவிட்சர்லாந்தின் நெஷாட்டெல் நகரில் ழான்-லியோன் ரூட்டர் அமைத்த அட்மோஸ் கடிகாரம், அறையின் வெப்பநிலை ஏறி இறங்கும்போது விரிந்து சுருங்கும் பெட்டகத்தின் அசைவால் தனக்குத் தானே சாவி கொடுத்துக்கொண்டது. ஒரு பாகை செல்சியஸ் மாற்றம் ஏறத்தாழ இரண்டு நாள் ஓட்டத்துக்குப் போதுமானதாக இருந்தது.

இக்கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு மேலாண்மை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மூலத்தின் இயல்பும் கருவியின் தேவையும் நேரடியாகப் பொருந்தின. பொருந்தாத இடத்தில் கருவி நின்றுபோனது, அதைப் பற்றி யாரும் கவலைப்படவுமில்லை. விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம். மின்வசதி எட்டாத சோவியத் கிராமங்களுக்காக 1950-களில் செய்யப்பட்ட மண்ணெண்ணெய் விளக்குகளில், கண்ணாடிச் சிம்னிக்கு மேலே வெப்பமின் இணைகள் வளையமாகப் பொருத்தப்பட்டிருந்தன. விளக்கின் சூட்டில் பிறந்த ஓரிரு வோல்ட் மின்னழுத்தத்தை, படபடவெனத் திறந்து மூடும் தொடுமுனைகளைக் கொண்ட அதிர்வு மாற்றி என்னும் சாதனம் துண்டுதுண்டாக்கி, வால்வு வானொலிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தமாக மாற்றித் தந்தது. குறைந்த மின்னழுத்தத்தை உயர்த்த இயங்கும் தொடுமுனையின் உதவியை நாடிய இந்த உத்தி, அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் வேறு வடிவில் மீண்டும் தோன்றுவதைப் பின்னர் காணலாம்.

மூலங்கள் இப்படிக் காத்துக்கிடந்த காலத்தில், துறையின் பிறப்புக்கு வழி திறந்த மாற்றம் செலவுப் பக்கத்தில் நிகழ்ந்தது. ஒரு டிரான்சிஸ்டர் கடத்தத் தொடங்குவதாகக் கொள்ளப்படும் அளவு பயன்தொடக்க மின்னழுத்தம் எனப்படும். அதற்குக் கீழேயும் மிகச் சிறு மின்னோட்டம் கசியவே செய்கிறது. கணினி வடிவமைப்பாளர்கள் குறையாகக் கண்ட இந்தக் கசிவை, கைக்கடிகார மின்கலத்தின் ஆயுளை நீட்டிக்க வேண்டியிருந்த நெஷாட்டெல் கடிகார மின்னணு மையத்தினர் வளமாகக் கண்டனர். அங்கே பணிபுரிந்த எரிக் விட்டோஸும் ழான் ஃபெல்ராத்தும் அக்கசிவு மின்னோட்டத்திலேயே ஒழுங்காக இயங்கும் சுற்றுகளை 1977-இல் விளக்கமாக வெளியிட்டனர். அதற்கும் முன்பே, 1972-இல், ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஸ்வான்சனும் மைண்டலும் எண்மத் தருக்கச் சுற்று ஏறத்தாழ 0.2 வோல்ட் வரை இறங்கியும் வேலை செய்ய முடியும் என்று கணக்கிட்டிருந்தனர். ஐந்து வோல்ட் வழங்கல் நிலையான வழக்கமாக இருந்த அக்காலத்தில் அக்கணக்கைப் பயன்படுத்திப் பார்க்கும் அவசரம் கணினித் தொழிலுக்கு இல்லை.

அவசரம் கையடக்கக் கருவிகளோடு வந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பிராடர்சனை நெறியாளராகக் கொண்டு முனைவர் ஆய்வு செய்துகொண்டிருந்த ஆனந்த சந்திரகாசன், சாமுவேல் ஷெங்குடனும் தம் நெறியாளருடனும் சேர்ந்து 1992-இல் வெளியிட்ட கட்டுரை, ஒவ்வொரு கணிப்புக்கும் செலவாகும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு விகிதமாக இருப்பதால், மின்னழுத்தத்தைக் குறைத்து அதனால் இழக்கும் வேகத்தை இணையாக இயங்கும் பல சுற்றுகளால் ஈடுகட்டலாம் என்று வாதிட்டது. சென்னையில் பிறந்து பள்ளிப் பருவத்தில் அமெரிக்கா சென்ற சந்திரகாசன் 1994-இல் முனைவர் பட்டம் பெற்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியரானார். அடுத்த இருபது ஆண்டுகளில் அவருடைய ஆய்வுக்குழுவிலிருந்து வெளிவந்த ஆய்வேடுகளே இக்கட்டுரையின் முதுகெலும்பாக அமைகின்றன. ஆற்றலைத் தேடிப் போனவர்களைவிட, ஆற்றலைச் செலவிடாமலிருக்கப் பயின்றவர்களே இத்துறையை முதலில் இயலக்கூடியதாக்கினர் என்பதற்கு இப்பரம்பரையே சான்று.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் மூலத்தின் பக்கத்திலும் கணக்குகள் போடப்பட்டன. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம்ஸும் யேட்ஸும் 1996-இல், சுருள்வில்லில் தொங்கும் சிறு எடையொன்று அதிரும் சட்டகத்துக்குள் ஆடும்போது எவ்வளவு மின்திறன் பெறலாம் என்பதற்கு ஒரு சமன்பாட்டைத் தந்தனர். அதிர்வுவழி அறுவடை பற்றிய பிற்கால ஆய்வுகள் பல அச்சமன்பாட்டிலிருந்தே தொடங்குகின்றன. அதே 1996-இல் மாசசூசெட்ஸ் கழகத்தின் ஊடக ஆய்வகத்தைச் சேர்ந்த தாட் ஸ்டார்னர், நடக்கும் மனிதனின் குதிகால் ஐந்து சென்டிமீட்டர் இறங்குவதாகக் கொண்டால் 67 வாட் திறன் அதில் அடங்கியிருக்கிறது என்று எழுதினார். இரண்டே ஆண்டுகளில் அவ்வாய்வகத்தினர் அழுத்தமின் தகடுகளைக் காலணிக்குள் பொருத்தி அளந்தபோது கிடைத்ததோ ஒன்று முதல் இரண்டு மில்லிவாட் மட்டுமே. நடப்பவருக்கு இடைஞ்சலாகாமல் அடியட்டை மிகச் சிறிதளவே வளைய முடியும் என்பதும், தகட்டின் இயல்பு மின்னணுச் சுற்றின் இயல்போடு பொருந்தாது என்பதும் அந்தச் சரிவுக்குக் காரணங்கள். சில அடிகள் நடந்தால் ஓர் அடையாள எண்ணை வானொலி வழியே அனுப்பும் அளவுக்கு அக்காலணி பயன்பட்டது. 67 வாட் என்ற எண் மட்டும் செய்தித்தாள்களில் நெடுங்காலம் உலவியது. மில்லிவாட்டுக்கு அந்தப் புகழ் கிடைக்கவில்லை.

இந்தச் சூழலில்தான் ராஜீவன் அமிர்தராஜா, சந்திரகாசனின் வழிகாட்டுதலில், சுற்றுப்புற அதிர்வால் இயங்கும் சில்லு ஒன்றை வடிவமைத்தார். 1998-இல் கட்டுரையாகவும் 1999-இல் முனைவர் ஆய்வேடாகவும் வெளிவந்த அவ்வேலையின் எண்களைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். காந்தத்தின் அருகே ஆடும் கம்பிச்சுருள் ஒன்று ஏறத்தாழ 400 மைக்ரோவாட் தரக்கூடும் என்று கணிக்கப்பட்டது. மைக்ரோவாட் என்பது ஒரு வாட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. சமிக்ஞையைப் பகுத்து வடிகட்டும் சுற்றும் அதன் மின்னழுத்தக் கட்டுப்பாட்டுச் சுற்றும் அடங்கிய முழு அமைப்பும் 18 மைக்ரோவாட்டில், நொடிக்கு ஐந்து இலட்சம் துடிப்புகள் வேகத்தில் இயங்கியது. சுருளுக்குத் தரப்பட்ட ஒரே ஒரு தூண்டலிலிருந்து ஏறத்தாழ 23 மில்லிநொடி நேரம் சில்லு தன் வேலையைச் சரியாகச் செய்தது.

இவ்வமைப்பில் நுட்பமான பகுதி கட்டுப்பாட்டுச் சுற்றுதான். வழக்கமான மின்னழுத்தச் சீராக்கி, மாறாத ஓர் ஒப்பீட்டு மின்னழுத்தத்தைத் தனக்குள் உருவாக்கி, வெளியீட்டை அதனோடு இடைவிடாமல் ஒப்பிட்டுத் திருத்தும். அந்த ஒப்பீட்டுச் சுற்றே பல மைக்ரோவாட்டை விழுங்கக்கூடியது. அமிர்தராஜாவின் சில்லு அதற்கு மாறாகக் காலத்தாழ்வை அளந்தது. மின்னழுத்தம் குறைந்தால் தருக்கச் சுற்று மெதுவாகும், கூடினால் விரைவாகும். ஆகவே, குறித்த நேரத்துக்குள் வேலை முடிகிறதா என்று மட்டும் பார்த்து, முடியாவிட்டால் மின்னழுத்தத்தை உயர்த்தியும், நேரம் மிச்சப்பட்டால் தாழ்த்தியும் சில்லு தன்னைச் சரிசெய்துகொண்டது. உண்மையில் தேவைப்பட்டது குறித்த மின்னழுத்தமன்று, குறித்த காலத்தில் முடியும் வேலை என்று புரிந்துகொண்டதால் விளைந்த சிக்கனம் இது. அமிர்தராஜாவின் ஆய்வேட்டை இத்துறையின் மின்திறன் மேலாண்மை ஆய்வுகளுக்கு முன்னோடியாகக் கொள்வதில் தவறில்லை.

பெர்க்லியில் இதே காலத்தில் வேறொரு வகையான ஆய்வு நடந்தது. கம்பியில்லா உணரிகளை நூறு மைக்ரோவாட் என்னும் வரம்புக்குள் இயக்கும் நோக்கோடு யான் ரபாய் தலைமையில் அமைந்த பிகோரேடியோ திட்டத்தில், இயந்திரவியல் துறையின் ஷாட் ரவுண்டி 2003-இல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வேட்டின் தனிச்சிறப்பு, கோட்பாட்டுக்கு முன்னால் அவர் செய்த கணக்கெடுப்பு. அன்றாடப் பொருள்களின் மேல் முடுக்கமானியைப் பொருத்தி, அவை எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு வன்மையாக அதிர்கின்றன என்று அவரும் அவருடன் பணிபுரிந்தோரும் பட்டியலிட்டனர். கார் எஞ்சின் அறையில் 200 ஹெர்ட்ஸில் நொடியிருமடிக்கு 12 மீட்டர், துணி உலர்த்தும் எந்திரத்தில் 121 ஹெர்ட்ஸில் 3.5 மீட்டர், சிறிய மைக்ரோவேவ் அடுப்பில் 121 ஹெர்ட்ஸில் 2.5 மீட்டர், போக்குவரத்து மிகுந்த சாலையோரச் சன்னலில் 100 ஹெர்ட்ஸில் 0.7 மீட்டர், ஆள்நடமாட்டமுள்ள அலுவலகத்தின் இரண்டாம் தளத் தரையில் வெறும் 0.2 மீட்டர் என்று அப்பட்டியல் நீள்கிறது. பதற்றத்தில் குதிகாலைத் தட்டிக்கொண்டிருக்கும் மனிதரும் அதில் இடம்பெற்றிருக்கிறார்: ஒரு ஹெர்ட்ஸ், 3 மீட்டர்.

அப்பட்டியலில் வீட்டு எந்திரங்கள் பலவும் 121 ஹெர்ட்ஸையொட்டி வந்து நிற்பது தற்செயலன்று. அமெரிக்காவின் மாறுதிசை மின்சாரம் 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. காந்த விசை ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை உச்சம் பெறுவதால் எந்திரத்தின் உடல் 120 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ரவுண்டியின் கருவி, அழுத்தமின் பீங்கான் ஒட்டிய சிறு பட்டையின் நுனியில் டங்ஸ்டன் எடையைப் பொருத்தி, அந்த அதிர்வெண்ணில் ஒத்ததிரும்படி இழைக்கப்பட்டது. ஒரு கன சென்டிமீட்டர் அளவுள்ள அக்கருவி, 120 ஹெர்ட்ஸில் நொடியிருமடிக்கு 2.5 மீட்டர் அதிர்விலிருந்து 375 மைக்ரோவாட் தந்து, அதற்கெனவே வடிவமைத்த வானொலி அனுப்பியை இயக்கிக் காட்டியது. ஆனால் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும் இந்தியாவிலோ ஐரோப்பாவிலோ அதே கருவியை அதே அடுப்பின் மேல் வைத்தால், அடுப்பு 100 ஹெர்ட்ஸில் அதிர்வதால், மிகச் சொற்பமே கிடைக்கும். ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மையாக இருக்கிறதோ அவ்வளவு விளைச்சல், அவ்வளவே இடப்பிணைப்பு. இத்துறையின் விளம்பரங்கள் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வது அரிது.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற அழுத்தமின் வெளியீடு சுற்றுக்குள் நுழையும் வாசலிலேயே பெரும்பகுதி வீணானது. அதிர்வால் பிறப்பது முன்னும் பின்னும் மாறும் மின்சாரம். சில்லுக்கு வேண்டியதோ ஒரே திசை மின்சாரம். திசைமாற்றத்தை நீக்கும் சுற்றுக்கு அலைதிருத்தி என்று பெயர். நான்கு டையோடுகளாலான பாலமே அதன் எளிய வடிவம். அழுத்தமின் தகடு தன் அமைப்பாலேயே ஒரு மின்தேக்கியாகவும் இருப்பதால், அதிர்வின் திசை மாறும் ஒவ்வொரு முறையும், பிறந்த மின்னூட்டம் முதலில் அந்த உள்மின்தேக்கியை ஒரு முனைவிலிருந்து எதிர்முனைவுக்குத் திருப்பவே செலவாகிறது; மிஞ்சுவது மட்டுமே டையோடுகளைத் தாண்டி வெளியே வருகிறது.

இச்சிக்கலைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆட்மன், ஹாஃப்மன் குழுவினர் வெளிவாசலில் நின்று அணுகினர். அலைதிருத்திக்குப் பின்னால் மின்னழுத்தம் இறக்கும் மாற்றி ஒன்றை வைத்து, தகட்டுக்கு உகந்த மின்னழுத்தத்தைத் தானே தேடிப் பிடிக்கச் செய்தபோது, மின்கலத்தை நேரடியாக மின்னேற்றுவதைவிட 400 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதல் ஆற்றல் கைமாறியதாக 2002-இல் அறிவித்தனர். அடுத்த ஆண்டே அவர்கள் வெளியிட்ட இரண்டாம் கட்டுரை இன்னும் சுவையானது. அதிர்வு போதிய அளவு வலுவாக இருக்கும்போது உகந்த அமைப்பு ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது என்று கண்டு, இடைவிடாத தேடலைக் கைவிட்டு எளிய நிலைத்த கட்டுப்பாட்டை அவர்கள் ஏற்றனர். ஆதாயம் ஏறத்தாழ 325 விழுக்காடாக இருந்தது. எண்ணளவில் இது முந்தையதைவிடக் குறைவு. ஆயினும் மேலாளரின் கூலி குறைந்ததால் பயன்பாட்டுக்கு நெருங்கிய வழி இதுவே. இதைப் பின்னடைவாக அன்றிப் பக்குவமாகவே கருத வேண்டும்.

உள்வாசலைத் திறந்தவர்கள் பிரான்சின் லியோன் நகரத்தார். தேசியப் பயன்முறை அறிவியல் கழகத்தின் டானியல் கியோமாரும் குளோட் ரிஷாரும் 1990-களின் இறுதியில் எந்திர அதிர்வை அடக்குவதற்காக, தகட்டின் மின்னழுத்தத்தை ஒவ்வொரு உச்சத்திலும் ஒரு மின்தூண்டி வழியே சட்டெனத் தலைகீழாக்கும் உத்தியை வகுத்திருந்தனர். அதிர்வை அடக்குவதென்றால் அதன் ஆற்றலை வெளியே இழுப்பது என்பதே பொருள். இழுத்த ஆற்றலை வீணாக்காமல் சேமித்தால் என்ன என்ற எண்ணத்தில், லெஃபூவ்ர், படெல் ஆகியோருடன் சேர்ந்து அதே உத்தியை அறுவடைக்கு மாற்றி, 2005-இல் பல மடங்கு ஆதாயம் காட்டினர். அதிர்வைத் தணிக்கப் பிறந்த சுற்று அதிர்வை நம்பி வாழும் சுற்றாக மாறிய கதை இது.

இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கரக்பூர் வளாகத்தில் பயின்று மாசசூசெட்ஸ் சென்ற யோகேஷ் ராமதாஸ், சந்திரகாசனிடம் செய்த முனைவர் ஆய்வில் இவ்வுத்தியை ஒரு சில்லுக்குள் கொண்டுவந்தார். திசை மாறும் கணத்தில் தகட்டின் இரு முனைகளையும் ஒரு சொடுக்கியால் குறுக்கிணைத்தால், உள்மின்தேக்கி செலவின்றிச் சுழிக்கு வந்துவிடும்; திருப்பும் பாதையில் பாதி மிச்சம், ஆகவே திறன் இருமடங்கு. குறுக்கிணைப்பில் ஒரு மின்தூண்டியையும் சேர்த்தால் மின்னழுத்தம் சுழியோடு நில்லாமல் எதிர்முனைவுக்கே ஏறக்குறையப் புரண்டுவிடும். அப்போது கிடைத்தது, சாதாரணப் பாலத்தைவிட நான்கு மடங்குக்கும் மேல். மின்தூண்டி என்பது சில்லுக்கு வெளியே இடத்தை அடைக்கும் பருமனான பொருள். அந்த ஒரே மின்தூண்டியை, புரட்டும் வேலைக்குத் தேவைப்படாத நேரங்களில், மின்னழுத்தத்தை இறக்கும் மாற்றிக்கும் ஏற்றும் மாற்றிக்கும் முறைவைத்து இரவல் கொடுத்ததே 2009-இல் வெளியான அந்த வடிவமைப்பின் சாமர்த்தியம்.

அவருடைய அடுத்த வேலை குளிர்தொடக்கம் என்னும் சிக்கலைத் தொட்டது. உடல்சூட்டுக்கும் அறைக்காற்றுக்கும் இடையே கைக்கடிகார அளவிலான வெப்பமின் தகடு ஒன்றைக் கட்டினால், ஓரிரு பாகை வேறுபாடே அதன் இரு பக்கங்களுக்கும் நடுவே நிற்கும். கிடைப்பது சில பத்து மில்லிவோல்ட். அதை உயர்த்தும் மாற்றியில் உள்ள டிரான்சிஸ்டர் திறந்து மூடச் சில நூறு மில்லிவோல்ட் வேண்டும். உயர்ந்த மின்னழுத்தம் கிடைத்துவிட்டால் மாற்றி தன்னைத் தானே இயக்கிக்கொள்ளும், ஆனால் முற்றிலும் வெறுமையான நிலையிலிருந்து முதல் துடிப்பைத் தருவது யார் என்பதே கேள்வி. மின்கலம் வைத்தால் அறுவடையின் நோக்கமே கெடும். ராமதாஸ், அணிந்தவரின் கையசைவில் தானாகவே திறந்து மூடும் சிறு இயந்திரச் சொடுக்கியை வைத்தார். அதன் சில அசைவுகள் மின்தூண்டியைத் தூண்டி மின்தேக்கியை நிரப்ப, பின்னர் சில்லு பொறுப்பேற்றுக்கொண்டது. 2010-இல் அறிவிக்கப்பட்ட இச்சுற்று 35 மில்லிவோல்ட்டிலிருந்தே தொடங்கி, 1.8 வோல்ட் வெளியீட்டை, உச்ச அளவாக 58 விழுக்காடு செயல்திறனுடன் தந்தது. சோவியத் மண்ணெண்ணெய் விளக்கின் படபடக்கும் தொடுமுனையோடு இதற்கு நேர்த்தொடர்பு இருந்ததாகச் சான்றில்லை. ஆனால் வெப்பமின் இணையின் குறைந்த மின்னழுத்தம் இரு காலத்தாரையும் ஒரே விடையின் பக்கம் தள்ளியிருக்கிறது.

தொழில் நிறுவனங்கள் இதே சிக்கலுக்கு வேறு விடைகளைத் தேர்ந்தன. 2009-இன் இறுதியில் லீனியர் டெக்னாலஜி வெளியிட்ட எல்.டி.சி.3108 சில்லு, ஒன்றுக்கு நூறு என்னும் விகிதமுள்ள சிறு மின்மாற்றியின் துணையால் 20 மில்லிவோல்ட்டிலேயே தொடங்கியது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பி.க்யூ.25504, தொடங்க 330 மில்லிவோல்ட் கேட்டாலும், தொடங்கிய பின் 80 மில்லிவோல்ட் வரை இறங்கி அறுவடை செய்தது. தனக்கென அது எடுத்துக்கொண்டது 330 நானோஆம்பியர் மட்டுமே. ஒரு மூலத்திலிருந்து உச்சத் திறனைப் பெற அதன் அக மின்தடைக்கு இணையான சுமையை வைக்க வேண்டும் என்று யாக்கோபி 1840-களிலேயே காட்டியிருந்தார். அந்த உச்சப் புள்ளியைத் தேடுவதற்கே சூரிய மின்நிலையங்களில் ஓயாது கணக்கிடும் கருவிகள் உள்ளன. பி.க்யூ.25504 அவ்வளவு ஆடம்பரம் செய்யவில்லை: 16 நொடிக்கு ஒருமுறை, கால் நொடி நேரம் மூலத்தைக் கழற்றிவிட்டு, அதன் திறந்த மின்னழுத்தத்தைப் பார்த்து, சூரியத் தகடானால் அதில் எண்பது விழுக்காட்டிலும் வெப்பமின் தகடானால் பாதியிலும் வேலை செய்வது போதும் என்று வைத்துக்கொண்டது. கணக்கு துல்லியமானதன்று. துல்லியத்துக்கான செலவு அதனால் வரும் ஆதாயத்தைவிட அதிகம் என்பதை அறிந்த கணக்கு அது.

செலவைக் குறைப்பதன் எல்லையைச் சந்திரகாசனின் ஆய்வுப் பரம்பரையின் இன்னொரு கண்டுபிடிப்பும் உணர்த்தியது. ஆலிஸ் வாங் தம் முனைவர் ஆய்வில் உருவாக்கிய சமிக்ஞைச் சில்லு 180 மில்லிவோல்ட்டிலும் இயங்கியது. ஆனால் அந்நிலையில் நொடிக்கு 164 துடிப்புகளே அதன் வேகம். வேலை நீள நீளக் கசிவும் கூடிக்கொண்டே போவதால், ஒரு கணிப்புக்கான ஆற்றல் மிகக் குறைவாக இருந்த இடம் 350 மில்லிவோல்ட். மிகத் தாழ்ந்த மின்னழுத்தமே மிகச் சிக்கனம் என்னும் எளிய நம்பிக்கைக்கு 2004-ஐயொட்டி இவ்வாறு முற்றுப்புள்ளி விழுந்தது. மென்பொருள் பக்கத்திலும் இக்காலத்தில் இருவேறு பாதைகள் பிரிந்தன. லாஸ் ஏஞ்சலஸின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அமன் கன்சாலும் மணி ஸ்ரீவஸ்தவாவும் அறுவடைக்கு மிஞ்சாமல் செலவிடும் ஆற்றல் சமநிலை என்னும் கருத்தை 2007-இல் வகுத்தனர்; 2011-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் அம்ஹெர்ஸ்ட் வளாகத்தினர், மின்சாரம் எந்த நொடியிலும் நின்றுபோகும் என்றே கொண்டு, நிரலின் நிலையை அவ்வப்போது அழியா நினைவகத்தில் எழுதிவைத்து, மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும் மெமென்டோஸ் முறையை வெளியிட்டனர்.

சுமைகூலியைக் குறைக்கும் முயற்சி தன் கோடியை எட்டியது ஒரு கினிப்பன்றியின் காதுக்குள். பாலூட்டிகளின் உட்செவியில், நத்தை எலும்புக்குள்ளிருக்கும் நீர்மத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் இடையே 70 முதல் 100 மில்லிவோல்ட் வரையிலான மின்னழுத்தம் இயற்கையாகவே நிலவுகிறது. கேட்டல் நிகழ்வதே அதன் துணையால்தான். அதில் மிகச் சிறு பங்கை, கேட்கும் திறன் கெடாமல் எடுக்க முடியுமா என்பதைப் பேட்ரிக் மெர்சியர், ஆண்ட்ரூ லைசாட், சௌரவ் பந்தியோபாத்யாய், சந்திரகாசன், செவி அறுவை மருத்துவர் கான்ஸ்டன்டினா ஸ்டான்கோவிச் ஆகியோர் ஆராய்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டனர். நுண்மின்முனைகள் வழியே ஐந்து மணிநேரம் வரை எடுக்க முடிந்த திறன் குறைந்தது 1.12 நானோவாட், நானோவாட் என்பது ஒரு வாட்டின் நூறு கோடியில் ஒரு பங்கு. மேலாண்மைச் சில்லு சும்மா இருக்கையில் செலவிட்டது 544 பிகோவாட், அதாவது ஒரு நானோவாட்டில் பாதியைச் சற்றே தாண்டிய அளவு. எஞ்சியதைச் சேர்த்து வைத்து, 40 முதல் 360 நொடிகளுக்கு ஒருமுறை, 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலிச் சமிக்ஞையொன்றை அது வெளியே அனுப்பியது. தொடங்குவதற்கு மட்டும் வெளியிலிருந்து வானொலி அலை வடிவில் ஓர் உந்துதல் தேவைப்பட்டது. குளிர்தொடக்கச் சிக்கல் இங்கேயும் விட்டபாடில்லை. வருமானத்தில் ஏறத்தாழப் பாதி மேலாளருக்கே போனாலும், மீதிப் பாதியில் வேலை நடந்தது என்பதே அச்சோதனையின் சாதனை.

இவ்வளவு ஆய்வுக்குப் பின் சந்தையில் நிலைத்தவை சொற்பம். நிலைத்தவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. 2001-இல் சீமென்ஸிலிருந்து பிரிந்து மியூனிக் அருகே தொடங்கிய என்ஓஷன், விரலால் அழுத்தும் விசையிலேயே மின்சாரம் பெற்று விளக்குக்குச் சமிக்ஞை அனுப்பும் சுவர்ப் பொத்தானை விற்றது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்திலிருந்து 2004-இல் பிரிந்த பெர்பெச்சுவம், தொடருந்துச் சக்கரங்களின் தாங்குருளைகளைக் கண்காணிக்கும் அதிர்வு அறுவடைக் கருவிகளைச் செய்து, 2021-இல் ஹிட்டாச்சி ரயில் நிறுவனத்தின் வசமானது. பொத்தானில் மூலமும் தேவையும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. தொடருந்தில் அதிர்வுக்குப் பஞ்சமே இல்லை. அலுவலகத் தரையின் நொடியிருமடிக்கு 0.2 மீட்டர் அதிர்வை நம்பி எழுந்த கனவுகளுக்கு அத்தகைய வாழ்வு அமையவில்லை. நாணய மின்கலம் மலிவானது, ஆண்டுக்கணக்கில் உழைப்பது. அதோடு போட்டியிட்டு வெல்வது எளிதாக இருக்கவில்லை.

எனவே இவ்வாய்வேடுகள் மின்கலமற்ற உலகத்தைக் கொண்டுவந்தன என்று சொல்ல இயலாது. மின்கலத்தை நம்பியே இயங்கும் கருவிகளுக்குத்தான் அவற்றின் பயன் மிகுதியாகச் சென்றது. அறுவடைக்காக நானோஆம்பியர் அளவில் சிக்கனம் பழகிய மேலாண்மை முறைகள், 2010-களில் கைப்பட்டை, கம்பியில்லா உணரி, நீர் மற்றும் எரிவாயு அளவி ஆகியவற்றுக்கான சில்லுகளிலும் இடம்பெற்றன; தனக்கென 360 நானோஆம்பியர் மட்டுமே எடுத்துக்கொள்ளும் டெக்சாஸ் நிறுவனத்தின் டி.பி.எஸ்.62740 மாற்றி, அவ்வகையான மின்கலக் கருவிகளுக்காகவும் ஆற்றல் அறுவடைக்காகவும் சேர்த்தே விற்பனைக்கு வந்தது.